நாலு பேர் முன்னால் மறுத்துச் சொல்லப் பழகுவது

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊரில் இளைஞர் மன்றம் நடத்துகிறீர்கள். ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கும் முப்பது பேரை மே மாத விடுமுறையில் ஐந்து நாள் கூட்டி, போதை, பைக், செல்போன், காதல் என்று எல்லாவற்றையும் பேசிவிட நினைக்கிறீர்கள். சொற்பொழிவு வேண்டாம், எல்லோரும் சேர்ந்து செய்கிற மாதிரி என்ன இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. ஆனால் கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இதையெல்லாம் பேசப்போய், தெரியாத பசங்களுக்கும் நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?" உங்களைத் தயங்க வைப்பது அந்த வரிதான் என்று தோன்றுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். ஈரோடு, திருப்பூர் மாவட்டப் பள்ளிகளிலும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களிலும் இந்த வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது பல வருடமாக என் வேலை. மருத்துவர் இல்லை என்பதால் மருந்து, சிகிச்சை பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை.

பேசுவதாலேயே ஆசை கிளம்பிவிடாது. பாலியல் கல்வியில் இதைப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். முறையாகச் சொல்லிக் கொடுத்த இடங்களில் பிள்ளைகள் முன்கூட்டியே உறவில் இறங்கிவிடவில்லை என்று யுனெஸ்கோ தொகுத்த அறிக்கைகள் சொல்கின்றன. போதை விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. எந்த மாத்திரை, எங்கே கிடைக்கும், எப்படி எடுப்பார்கள் என்று விவரிக்க ஆரம்பித்தால் நீங்கள் பயப்படுவது நடக்கத்தான் செய்யும். பாக்கெட்டுகளை மேசையில் பரப்பிக் காட்டுவதும் வெந்துபோன வாயின் படத்தைப் பெரிதாகப் போடுவதும் வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்திருப்பார்கள், நமக்கும் பெரிதாக ஏதோ சாதித்த மாதிரி இருக்கும். பழக்கம் மாறாது. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் 'டேர்' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கி, போலீஸ்காரர்களையே பள்ளிகளுக்கு அனுப்பிப் பாடம் எடுக்க வைத்தது. அதில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றே பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்ட வைத்த திட்டங்கள் இன்னும் மோசம். போய்வந்த பிள்ளைகள், போகாதவர்களைவிட அதிகமாகவே குற்றங்களில் மாட்டினார்கள். ஆகவே போலீஸ் அதிகாரியை அழைத்துத் தொடக்க உரை ஆற்ற வைப்பதென்றால் மரியாதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனமாற்றத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

பயமுறுத்தல் ஏன் எடுபடுவதில்லை என்பதைப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், உதட்டுக்குள் வைக்கும் கூல் லிப் என்ற புகையிலையைப் பற்றிப் பேசும்போது, எனக்கு இரண்டே வாக்கியத்தில் சொன்னான்: "கூல் லிப் வெச்சா வாய் வெந்து போகும்னு தெரியுமுங்க்கா. ஆனா எல்லாரும் வெக்கறப்ப நான் மட்டும் எப்படீங்க்கா சும்மா நிக்கறது?" தீங்கு அவனுக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில், அந்த நாலு பேர் முன்னால், முகம் கெடாமல் விலகி வர ஒரு வழி அவனிடம் இல்லை. 2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது பதின்வயதினர் தனியாக ஆடியதைவிட அதிக ஆபத்தை இழுத்துக்கொண்டார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. தனியாக உட்கார வைத்துக் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்கிற பிள்ளை, கூட்டத்தில் வேறு மாதிரி நடப்பதற்கு இதுதான் காரணம். அதனால் பழக்குவதையும் கூட்டத்தில் வைத்தே பழக்க வேண்டும். உங்கள் ஐந்து நாளில் பாதியை இதற்கே கொடுங்கள் என்பேன்.

முதல் நாள் எல்லோருக்கும் ஒரே மாதிரித் துண்டுச்சீட்டு கொடுத்து, 'வேண்டாம்னு சொல்ல முடியாமப் போன ஒரு சமயம், உனக்கோ உனக்குத் தெரிஞ்சவங்களுக்கோ' என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். எழுத எதுவும் இல்லாதவர்கள் காலையில் என்ன சாப்பிட்டோம் என்று எழுதட்டும். எல்லாப் பேனாவும் ஓடினால்தான் யார் எழுதினார்கள் என்பது தெரியாது. எனக்கு வந்த சீட்டுகளில் சில: டியூசன் விட்டு வரும்போது ட்ரிபிள்ஸ் ஏறச் சொன்னது, மாரியம்மன் பண்டிகையில் கம்பம் ஆடிவிட்டு வந்தபோது அண்ணன் முறையுள்ளவரே பீர் நீட்டியது, 'உன் ஏடிஎம் கார்டைக் குடு, மாசம் பணம் தர்றேன்' என்று ஒரு சீனியர் கேட்டது, 'என்னை நம்பறதா இருந்தா போட்டோ அனுப்பு' என்றது. புத்தகத்திலிருந்து எடுக்கும் எந்தச் சூழ்நிலையும் இவற்றுக்கு ஈடாகாது.

அடுத்து மூன்று மூன்று பேராக உட்கார வையுங்கள். ஒருவர் கூப்பிடுபவர், ஒருவர் மறுப்பவர், மூன்றாமவர் பார்ப்பவர். முதல் சுற்றில் எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மறுப்பவர் பெரும்பாலும், "மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு, நான் வர மாட்டேன்" என்று ஒப்பிப்பார். உடனே பார்ப்பவரைக் கேளுங்கள்: இப்படி நிஜத்தில் சொன்னால் என்ன ஆகும்? "அன்னைக்கோட அவனைக் கழட்டி விட்டுருவாங்க" என்று பதில் வரும். நிஜமான வேலை அங்கேதான் தொடங்குகிறது. கழட்டி விடாதபடி எப்படிச் சொல்வது என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். மூன்று நிபந்தனை போதும்: சொல்வது சின்னதாக இருக்க வேண்டும், எதிராளிக்கு உபதேசம் இருக்கக்கூடாது, சொன்னதும் இடத்தை விட்டு நகர வேண்டும். பிள்ளைகள் சொன்னதைக் கேளுங்கள்: "நாளைக்கு மேட்ச்சுடா, சார் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருவாரு." "எங்கம்மா கிட்ட வந்து மோந்து பாக்கும், நீ வந்து பதில் சொல்றயா?" "நீங்க முன்னால போங்கடா, நான் சைக்கிள்ல வந்தர்றேன்." இதில் பாதி சாக்குப்போக்குத்தானே, பொய் சொல்லச் சொல்லித் தருகிறீர்களே என்று சில ஆசிரியர்கள் என்னிடம் வருத்தப்படுவதுண்டு. பதினைந்து வயதில் ராத்திரி ஒன்பது மணிக்கு வாய்க்கால் மேட்டில் நிற்கிற பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர்வதுதான் எனக்கு முக்கியம். கொள்கையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

வீட்டோடு ஒரு ஏற்பாடும் செய்துகொள்ளச் சொல்லுங்கள். அம்மாவுக்கு மூன்று மிஸ்டு கால் போனால், அம்மா திரும்பக் கூப்பிட்டு, "அப்புச்சி வந்திருக்காங்க, உடனே வா" என்று மற்றவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை பிள்ளைகள் மிக விரும்பி எடுத்துக்கொள்வது இதைத்தான். நடித்துக் காட்டும்போது இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். குடித்தவனைப் போல ஆடிக்காட்ட விடாதீர்கள், சபை சிரிக்கும், அவன் கதாநாயகன் ஆகிவிடுவான். எப்போதும் ஒரே ஆளையே கூப்பிடுபவராக வைக்காதீர்கள். அவனுக்கு அந்த வேஷம் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொருவரும் மறுத்துச் சொல்வதை ஒரு தரத்தோடு விடாமல் வெவ்வேறு ஆளிடம், வெவ்வேறு நாளில் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மறுப்பதோடு முடியாத விஷயங்களும் இருக்கின்றன. தண்ணீர் அதில் முதலாவது. கோபி பக்கம் கிணற்றிலும் வாய்க்காலிலும் கொடிவேரி அணையிலும் குளிக்காத பையன் கிடையாது, குளிக்காதே என்று சொல்லி யாரும் நின்றதில்லை. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிக் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் கூட்டம் அங்கே போய்விடும். ஒருவன் மூழ்கும்போது, நீச்சல் சரியாகத் தெரியாத கூட்டாளி காப்பாற்றக் குதித்து, இரண்டு மூன்று உயிராகப் போவதுதான் பெருங்கொடுமை. அந்த நிமிஷத்தில் யோசிக்க நேரம் இருக்காது; கை பழகியதைத்தான் செய்யும். இதைப் பள்ளி மைதானத்திலேயே பழக்கலாம். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் கால் பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டு இறுக மூடுங்கள். முழுக்கக் காலியாக இருந்தால் காற்றில் திரும்பிவிடும், எறிந்த இடத்தில் விழாது. கைப்பிடியில் நீளமான சேந்து கயிற்றைக் கட்டுங்கள். ஒருவரைத் தூரத்தில் உட்கார வைத்து, அவர் தோளைத் தாண்டி விழும்படி எறியச் சொல்லுங்கள். தலைக்கு நேராக எறியக்கூடாது. தாண்டி விழுந்தால் கயிறு தானாகக் கைக்கு வரும். இழுப்பவர் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாமல், தரையில் குப்புறப் படுத்து இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரும் உள்ளே போவார். ஒருவர் எறிய, ஒருவர் கத்த, ஒருவர் அவசர உதவி எண்ணான 112-க்குக் கூப்பிட என்று வேலையைப் பிரித்துவிடுங்கள். கயிறு இல்லாத இடத்தில் வேட்டி, சேலை, நீளமான கொம்பு எது கிடைத்தாலும் நீட்டலாம். 'கத்து, எறி, இழு, குதிக்காதே' என்பது வாயில் வந்துவிட வேண்டும். போட்டியாகவே வைத்தால் ஒரு முழுச் சாயங்காலம் போவதே தெரியாது. பெண் பிள்ளைகளையும் கட்டாயம் எறிய வையுங்கள். துணி துவைக்கப் போகும் இடத்தில் முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

பைக்குக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம், வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட அப்பாக்களுக்குச் சொல்வதில்தான் பலன் அதிகம்.

மே மாதத்தில் நீங்கள் விடக்கூடாத இன்னொன்று, வேலை. பரீட்சை முடிந்ததும் பனியன் கம்பெனிக்குப் போகிற பையன்களும் மில் விடுதிக்குப் போகிற பெண்களும் உங்கள் முப்பது பேரிலேயே இருப்பார்கள். வீட்டு நிலைமை தெரியாமல் போகாதே என்று நாம் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் கேட்டுவிட்டுப் போகக் கற்றுக்கொடுக்கலாம். ஒருவர் ஆள் பிடிக்கிற புரோக்கர், ஒருவர் அப்பா, ஒருவர் பெண். பெண் கேட்க வேண்டிய கேள்விகளைக் குழுவே எழுதட்டும்: சம்பளம் கையில் எவ்வளவு வரும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், விடுதியில் போன் வைத்துக்கொள்ளலாமா, நினைத்த நாளில் வீட்டுக்கு வரலாமா, மூன்று வருடம் கழித்து மொத்தமாகப் பணம் என்றால் நடுவில் நின்றுவிட்டால் எவ்வளவு கிடைக்கும்? கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பக்கத்து மில்களில் பெண்களை விடுதியில் வைத்து வருடக்கணக்கில் வேலை வாங்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போன பெண்கள் ஏராளம். பதினான்கு வயதுக்குக் கீழே கூலிக்கு வேலைக்கு வைக்கக்கூடாது, பதினெட்டு வரை ஆபத்தான வேலையில் வைக்கக்கூடாது என்று 2016-ல் திருத்திய சட்டம் சொல்வதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

காதல், போட்டோ இரண்டுக்கும் முடிவு சொல்லாத கதைதான் சரிப்படும். கதையை ஒரு இக்கட்டில் நிறுத்தி, ஐந்தைந்து பேராக விவாதிக்கச் சொல்லுங்கள். முதலில் ஆணும் பெண்ணும் தனித்தனியாகவும் பிறகு சேர்ந்தும் பேசட்டும். எடுத்த எடுப்பிலேயே சேர்த்து வைத்தால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தில் பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்பது செல்லாது, இருவரும் விரும்பியே போயிருந்தாலும் வழக்கு வரும் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சாதியையும் ஒளிக்க வேண்டாம். 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுரோட்டில் நடந்த ஆணவக் கொலை இந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைத் தாண்டிப்போய் 'படிக்கிற வயசில் காதல் வேண்டாம்' என்று மட்டும் பேசினால், உண்மையைப் பேசாத ஆள் என்று உங்களை ஒதுக்கிவிடுவார்கள். போட்டோ விஷயத்தில் அனுப்பாதே என்பதோடு நிறுத்தாமல், அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லித்தர வேண்டும். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்காதே, மெசேஜை அழிக்காதே, ஒரு பெரியவரிடம் சொல், சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு. பதினெட்டுக்குக் கீழே எடுத்த படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை இருக்கிறது. படத்தை அனுப்பத் தேவையில்லை, அதன் அடையாளக் குறி மட்டும் நம் போனிலிருந்து போகும்.

இதுவரை சொன்னதில் எனக்கு நம்பிக்கை அதிகம். நீங்கள் கேட்டிருந்த 'உண்மையில் எத்தனை பேர் போதை போடுகிறார்கள் என்று கணக்கெடுத்துக் காட்டுவது' அப்படியில்லை. எல்லோரும் போடுகிறார்கள் என்று பிள்ளைகள் மிகையாக நினைப்பதும், நிஜ எண்ணிக்கையைக் காட்டினால் அந்த அழுத்தம் குறையலாம் என்பதும் சரிதான். ஆனால் இதற்கான ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே வந்திருக்கின்றன. செய்வதென்றால் இதையும் பெயரில்லாமல் எழுதி வாங்கி, அந்தச் சீட்டுகளை முதலில் நீங்கள் தனியாக எண்ணிப் பாருங்கள். அவர்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் பலகையில் எழுதுங்கள். குணமடைந்த ஒருவரைக் கூட்டிவந்து பேச வைப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 'அவரே இத்தனையும் பண்ணிட்டு நல்லாத்தானே இருக்காரு' என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

யாரை எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பதில் நிறையப் பேர் சறுக்குவார்கள். ஏற்கெனவே பழக்கம் உள்ள பையன்களை மட்டும் தனிக் குழுவாக உட்கார வைக்காதீர்கள். தாமஸ் டிஷியனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதில் தெளிவாக இருக்கிறது: அப்படிச் சேர்த்தால் ஒருவன் சாகசத்தைக் கேட்டு மற்றவன் சிரிப்பான், அந்தச் சிரிப்பே அவர்களுக்குப் பரிசாகி, பழக்கம் கூடும். கலந்தே உட்கார வையுங்கள். இடத்தையும் யோசியுங்கள். கோயில் மண்டபத்திலோ ஒரு சமூகத்தாரின் திருமண மண்டபத்திலோ வைத்தால் காலனிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி அரசுப் பள்ளியில் வையுங்கள்.

நடத்துகிறவர் யார் என்பதும் முக்கியம். பீகாரின் நாலந்தா மாவட்டத்துப் பள்ளிகளில் நடந்து, 2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த 'சேஹர்' ஆய்வில், இதற்கென்றே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் அடிதடியும் மனச்சோர்வும் குறைந்தன. அதே திட்டத்தை ஆசிரியரே நடத்திய பள்ளிகளில் மாற்றம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில் நடந்த 'அசிஸ்ட்' திட்டத்தில், மாணவர்களே 'இவன் சொன்னா கேப்போம்' என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அங்கே புகைப்பழக்கம் குறைந்தது. உங்களுக்கு இதிலிருந்து ஒரு வேலை இருக்கிறது: நல்ல மார்க் வாங்குகிறவர்களைத் தலைவராக்காமல், பிள்ளைகளையே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்படி வரும் பெயர்களில் கொஞ்சம் குறும்புக்காரனும் இருப்பான். இருக்கட்டும். மன்றத்து அண்ணன்மாரில் ஹான்ஸ் புகையிலை போடுகிறவர் இருந்தால் அந்த ஐந்து நாளும் அவர் சமையலையோ சாமான்களையோ பார்த்துக்கொள்ளட்டும்.

சில இடங்களில் கை வைக்காதீர்கள். யாரையும் தன் சொந்த அனுபவத்தைச் சபையில் சொல்ல வைக்காதீர்கள்; 'ஒரு பையன்', 'ஒரு பொண்ணு' என்றே பேசட்டும். தற்கொலையை நாடகமாகவோ கதையாகவோ எடுக்கவே கூடாது. மே மாதம் ரிசல்ட் வரும் மாதம் என்பதால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைப் பலகையில் முதல் நாளே எழுதிவிட்டு, யாராவது தனியாக வந்து பேசினால் கேளுங்கள், மனநல மருத்துவரிடம் சேருங்கள். ஊசி, மாத்திரை வரை போய்விட்ட பிள்ளைக்கும் அதுவேதான்; முகாம் அவனுக்குப் போதாது. பாலியல் தொல்லை பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்தால் போக்சோவின் 19-வது பிரிவுப்படி நீங்கள் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதுவும் குற்றம். வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடுங்கள், கூட நிற்பார்கள். ஆகவே தொடக்கத்திலேயே, "நீங்க சொல்றதை வெளிய சொல்ல மாட்டேன், ஆனா உசுருக்கு ஆபத்து, உடம்புல கை வெக்கறதுன்னா சொல்லித்தான் ஆகணும்" என்று சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ரகசியமாக வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மீறினால், அந்தப் பிள்ளை இனி யாரிடமும் பேசாது.

ஐந்து நாளில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகாம் முடிந்து ஒரு மாதத்தில் வேகம் குறையத்தான் செய்யும். ஜூனில் பள்ளி திறந்த பிறகு மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் மறுபடி சீட்டு, மறுபடி மூன்று மூன்று பேர் என்று ஒரு வருடம் ஓட்டினால் பிடிப்பு இருக்கும். அது முடியாதென்றால் ஐந்து நாளை மூன்றாகக் குறைத்து, மிச்சத்தை அந்த ஞாயிறுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்பதைத் தடுக்கும் 2003-ஆம் வருடச் சட்டமும், சிறாருக்குப் போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழாண்டு வரை சிறை என்கிற 2015-ஆம் வருட சிறார் நீதிச் சட்டமும் இருக்கின்றன. கடைக்காரரிடம் பேசப் பிள்ளைகளை அனுப்பாமல் மன்றத்துப் பெரியவர்கள் நாலு பேராகப் போங்கள். கடைசி நாள் பெற்றோரைக் கூப்பிட்டு, "எந்நேரம் கூப்பிட்டாலும் வந்து கூட்டிட்டுப் போறோம், அன்னைக்கு ராத்திரி எதுவும் கேக்க மாட்டோம்" என்று பிள்ளைகள் எதிரில் அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்தக் கூட்டத்தை ஏழு மணிக்கு மேல் வையுங்கள். அதற்கு முன்னால் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் நேரம், அம்மாக்கள் வர முடியாது.